ரயில் கணக்குகள்

வேகம், தூரம், நேரம் ஆகிய மூன்றில் இரண்டைத் தந்து மூன்றாவதைக் கேட்கும் எண்கணித வகை. பள்ளிப் பாடத்திலும், ரயில்வே பணியாளர் தேர்வு வாரியம், டி.என்.பி.எஸ்.சி. போன்றவற்றின் போட்டித் தேர்வுகளிலும் இடம்பெறுகிறது. வேகத்தை நேரத்தால் பெருக்கினால் தூரம், அடிப்படை இவ்வளவே. மணிக்கு இத்தனை கி.மீ. என்பதை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்ற 5/18 ஆல் பெருக்குவார்கள். ஒரு கி.மீ. 1000 மீட்டர், ஒரு மணி 3600 வினாடி என்பதன் சுருக்கம் அது.

பஸ், சைக்கிள் கணக்குகளில் வண்டியின் நீளம் பொருட்டல்ல. ரயிலில் அந்த நீளமே கணக்கின் உயிர். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கர்நாடக எல்லையிலுள்ள அத்திபெலேவுக்கு அருகே, ஆனேக்கல் ரோடு, ஓசூர் நிலையங்கள் வழியாகப் பெங்களூரு–சேலம் பாதை செல்கிறது. 2023 டிசம்பர் 30 அன்று தொடங்கிவைக்கப்பட்ட கோயம்புத்தூர்–பெங்களூரு வந்தே பாரத் ரயிலும் இவ்வழியில் ஓடுகிறது. எட்டுப் பெட்டி வந்தே பாரத்தின் நீளம் ஏறத்தாழ 190 மீட்டர். அது மணிக்கு 72 கி.மீ., அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். ஒரு சிக்னல் கம்பத்தைக் கடக்க 9.5 வினாடி ஆகும். 400 மீட்டர் நடைமேடையைக் கடக்கவோ 29.5 வினாடி வேண்டும். ஏனெனில் முதல் பெட்டி நடைமேடையில் நுழைந்ததிலிருந்து கடைசிப் பெட்டி வெளியேறும்வரை ரயில் 590 மீட்டர் ஓடியாக வேண்டும். அந்த நடைமேடையில் நிற்கும் ஒருவரைக் கடப்பதற்கு மறுபடியும் 9.5 வினாடிதான். மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சூத்திரத்தைத் தேடுமுன், எது எதைக் கடக்கிறது என்று ஒரு கோட்டுப்படம் போட்டுப் பார்ப்பது நல்லது.

இரட்டைப் பாதையில் 560 மீட்டர் சரக்கு ரயில் ஒன்று மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் எதிரே வந்தால், இரு வேகங்களும் கூடி வினாடிக்கு 30 மீட்டர் ஆகும். கடக்க வேண்டிய 750 மீட்டருக்கு 25 வினாடி. அதே திசையில் சென்றால் வேகங்களின் வித்தியாசம் 10 மீட்டர்தான். முந்தி முடிக்க 75 வினாடி. இதைச் சார்பு வேகம் என்பர். வந்தே பாரத்தின் ஜன்னலோரம் அமர்ந்திருப்பவர் எதிரே வரும் சரக்கு ரயிலைப் பார்க்கும் நேரம் சுமார் 19 வினாடியே. அவர் வண்டியின் நீளம் அதில் சேராது.

இந்த விதி ரயிலைவிட மிகப் பழையது. கி.பி. 499 இல் ஆரியபட்டர் இயற்றிய ஆரியபட்டீயத்தின் கணித பாதம், எதிரெதிரே செல்லும் இரு பொருள்களின் இடைத்தூரத்தை வேகங்களின் கூட்டுத்தொகையாலும், ஒரே திசையில் செல்பவற்றின் இடைத்தூரத்தை வித்தியாசத்தாலும் வகுக்கச் சொல்கிறது. அவர் எண்ணியது கோள்களின் சந்திப்பை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது 1856 இல்தான்.

சராசரி வேகக் கணக்கு தனி ரகம். 120 கி.மீ. தூரத்தை மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போய், 40 கி.மீ. வேகத்தில் திரும்பினால் சராசரி 50 அல்ல. போக 2 மணி, திரும்ப 3 மணி, 240 கி.மீ. தூரத்துக்கு 5 மணி ஆவதால் விடை 48.