வெள்ளமும் நம் வீடுகளும்: படூர் வட்டார வரலாற்றில் ஒரு பக்கம்

ஜூபிலி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டனர். ஆலயத்தின் வரலாற்றை எழுத வேறு பலர் இருப்பதால், அவ்வாலயத்திற்கு வருகின்ற மக்களின் வீடுகளைப் பற்றி எழுத நாம் துணிந்தோம்.

சென்னையிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கே வருவோர், நாவலூரையும் ஏகாட்டூரையும் கடந்து படூரை அடைவர். அடுத்தது கேளம்பாக்கம். கிழக்கே பக்கிங்காம் கால்வாய். அதற்கப்பால் முட்டுக்காட்டுக் கழிமுகமும், 1808இல் எழுப்பப்பட்ட கார்மேல் அன்னை ஆலயம் விளங்கும் கோவளமும். தாம்பரம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியே இக்கால்வாயில் விழுந்து, நம் ஊரைத் தாண்டியே முட்டுக்காட்டில் கடலை அடைகிறது. கடல் ஏறியிருக்கும் வேளையில் முகத்துவாரம் நீரை மெல்லத்தான் வாங்கும். ஆகவே நம் வாசலில் நிற்கும் வெள்ளம் நம் ஊரில் பெய்த மழை மட்டுமன்று.

கால்வாயின் கதையும் சிறிது சொல்லத்தக்கது. தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877-78இல், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அந்நாளைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு நிலைத்தது. தெற்கே மரக்காணம் வரை நீளும் இக்கால்வாயில் உப்பும் விறகும் படகேறிச் சென்ற காலம் உண்டு. படகுகள் போயின, வெள்ளம் மட்டும் இன்றும் அவ்வழியே போகிறது.

நம் முன்னோரின் வீடுகள் மண்சுவரும் ஓலைக் கூரையும் கொண்டவை. அவற்றை ஏழ்மையின் சின்னமென்றே எண்ணப் பழகிவிட்டோம். ஆயினும் அவர்கள் மேடு பார்த்தே மனை கோலினர், பேஸ்மட்டத்தை உயர்த்தினர், திண்ணை வைத்தனர். தெருவில் ஓடிய நீர் திண்ணையைத் தொட்டுப் போயிற்றேயன்றி அடுப்படிக்கு வரவில்லை. குறையும் இருந்தது. நீர் இரண்டு நாள் தேங்கினால் மண்சுவரின் அடி கரையும், புயலடித்தால் கூரை பறக்கும்.

1985இல் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தபின் குடிசைகள் பல தொகுப்பு வீடுகளாயின. கூரை பறக்கும் அச்சம் நீங்கியது பெரும் நன்மை. ஆனால் கடற்காற்றின் உப்பு, காங்கிரீட்டுக்குள் நுழைந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவேறிய கம்பி பருத்து, மேற்பூச்சை உதிர்க்கிறது. இதற்கிடையே தெருக்களோ, பழைய தாரைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் போட்டதால், ஆண்டுக்காண்டு உயர்ந்தன. உயரமாய்க் கட்டிய வீடு பள்ளத்து வீடாயிற்று. 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பின்னரே புதுச்சாலை போட வேண்டுமென அதிகாரிகளுக்கு எழுதினார். நம் தெருவில் தார் போட வரும்போது அதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையை மறப்போர் இங்கு எவருமிலர். அதன்பின் 2005 மார்ச் 30 அன்று பிறந்த அரசாணை எண் 172, கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமுற்றோர் அப்பால் போகச் சம்மதித்தால் ஒன்றரை இலட்சம் ரூபாய் மதிப்புள்ள புதுவீடு என்றது. இருந்த இடத்திலேயே பழுது பார்க்க விரும்பியவர்களுக்கோ அனுமதி உண்டு, உதவி இல்லை. உயிரைக் காக்கும் நோக்கம் அதிலிருந்தது, மறுக்கவில்லை. எனினும் பழுதுபார்ப்பை உதவிக்குத் தகுதியற்றதாக ஆக்கியது நமக்கு உடன்பாடன்று. சென்னைக் கடற்கரைக் குடும்பங்கள் பலவற்றை நமக்கு வடக்கே உள்ள செம்மஞ்சேரிக்குக் குடியேற்றினர். 2015 டிசம்பர் 1ஆம் தேதியன்று தொடங்கிய மழை தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தபோது செம்மஞ்சேரி மூழ்கியது. 2021 நவம்பரிலும் அங்கே வெள்ளம் நின்றது. கடலுக்குத் தப்பியவர்களை ஏரித் தண்ணீரின் வழியில் கொண்டுபோய் வைத்தோம்.

வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கங்களில் வசதியுள்ளோர் நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை வைத்து வீட்டையே தூக்குகின்றனர். ஹரியானாவிலிருந்து வந்தவர்கள் இவ்வேலையில் கைதேர்ந்தவர்கள். பார்க்க வியப்பாயிருக்கும்; செலவைக் கேட்டால் வியப்பு அடங்கிவிடும். தொகுப்பு வீட்டுக்காரருக்கு ஏற்றது வேறு. 2015இல் நீர் நின்ற கறை பல சுவர்களில் இன்றும் தெரியும். மீட்டரையும் சுவிட்ச் போர்டையும் அக்கறைக்கு மேல் மாற்றுவது முதல் வேலை. வெள்ளத்தில் மின்சாரமே முதற்பகை. கழிவறைக் குழாயில் நீர் திரும்பி வராதபடி ஒருவழி வால்வு வைப்பதும், செப்டிக் டேங்கின் வாயை உயர்த்துவதும் அடுத்தவை. சுவரைச் சுற்றி வெளிப்புறம் சரிவாய்ச் சிமெண்டுத் தளம் போட்டால் அடிமண் அரிக்காது. தளத்தில் துருத் தெரிந்தால் மேலே பூசி மறைப்பது கூடாது. கெட்ட காங்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, பிறகே பூச வேண்டும். ஷீட் வீடுகளில் ஓரத்து ஷீட்டையே காற்று முதலில் பெயர்க்கும். 2022 டிசம்பர் 9 இரவில் மாமல்லபுரம் அருகே கரை கடந்த மாண்டஸ் போன்ற புயலுக்கு, ஓரத்தில் போல்ட்டுகளை நெருக்கி அடிப்பது நல்லது. மொட்டை மாடிக்குப் படியில்லாத வீடுகளுக்கு இரும்பு ஏணியேனும் வேண்டும்.

உள்தரையை உயர்த்துவோர் கதவு உயரத்தையும் கூரை உயரத்தையும் முதலில் அளந்துகொள்க. நிமிர்ந்து நிற்க முடியாத வீட்டில் வாழ்வோரும் உண்டு.

2024இல் தமிழக அரசு, 2001க்கு முன் ஊரகங்களில் அரசுத் திட்டங்களில் கட்டிய வீடுகளைப் பழுது பார்க்க நிதி ஒதுக்கியது. 2005இல் மறுக்கப்பட்டது இருபது ஆண்டு கழிவதற்குள் திட்டமாகவே வந்தது நமக்கு மகிழ்ச்சி. பழைய தொகுப்பு வீடுடையோர் ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்தறிக. நம் பங்கில் கொத்து வேலையும் மின்வேலையும் அறிந்த சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தனித்து வாழும் முதியோரின் வீடுகளில் சுவிட்ச் போர்டை உயர்த்தும் வேலையைச் சித்திரை, வைகாசியிலேயே தொடங்கினால், ஐப்பசிக்குள் ஒரு தெருவையாவது முடித்துவிடலாம்.