ஐந்து நிமிடக் கணக்கு

தடித்த புத்தகங்களின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, டேட்டாபேஸில் இண்டெக்ஸ் என்பது அதுதான். முழுவதையும் புரட்டாமல் வேண்டிய இடத்துக்கு நேரே போகலாம். ஆனால் அந்த இண்டெக்ஸே டிஸ்கில் கிடந்தால்? அதைப் படிக்கவே நேரம் போய்விடும்!

இது பழைய கவலை. போயிங் நிறுவன ஆய்வகத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் 1970-ல் பி-ட்ரீ என்ற அமைப்பை வகுத்தார்கள். (பி எதைக் குறிக்கிறது என்று அவர்கள் அதில் விளக்கவே இல்லை!) 15,000 சாவிகள் கொண்ட இண்டெக்ஸில் நொடிக்குச் சராசரியாக 9 வேலைகள் நடந்தன. அன்றைய டிஸ்கின் வேகம் அவ்வளவுதான்.

ஒரு பக்கத்திலிருந்து 100 கிளைகள் பிரிவதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றே மட்டத்தில் 10 லட்சம் சாவிகள் அடங்கிவிடும். மேல் இரண்டு மட்டங்களும் சேர்ந்து வெறும் 101 பக்கங்கள். எல்லாத் தேடலும் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். அவற்றை மெமரியில் வைத்துவிட்டால், இண்டெக்ஸுக்காக மூன்று முறை டிஸ்கைத் தொடுவதற்குப் பதில் ஒரு முறை போதும்.

அப்படியானால் எல்லாவற்றையும் மெமரியில் வைத்துவிடலாமே? அங்கேதான் காசு குறுக்கே வருகிறது. டேண்டம் கம்பெனியின் ஜிம் கிரேயும் ஃபிராங்கோ புட்ஸோலுவும் 1987-ல் அதைக் கணக்குப் போட்டார்கள். அப்போது 1 மெகாபைட் மெமரி சுமார் 5,000 டாலர் (தலை சுற்றுகிறதா?). 1 கிலோபைட்டுக்கு 5 டாலர். நொடிக்கு ஒரு தடவை டிஸ்கைப் படிக்கும் வசதிக்கோ 2,000 டாலர். வகுத்தால் 400. அதாவது, 400 நொடிக்குள் மறுபடி தேவைப்படும் 1 கிலோபைட்டை மெமரியிலேயே வைத்திருப்பதுதான் லாபம். இதைத் தோராயமாக ‘ஐந்து நிமிட விதி’ என்றார்கள். 1997-ல் கிரேயும் கோட்ஸ் கிரேஃபும் மறுபடி கணக்கிட்டபோது விலைகள் தலைகீழாக மாறியிருந்தன. பக்கத்தின் அளவும் 8 கிலோபைட் ஆகியிருந்தது. விடை மட்டும் ஏறக்குறைய அதே ஐந்து நிமிடம்!

இன்னொரு தொல்லையும் உண்டு. யாராவது முழு டேபிளையும் படிக்கச் சொன்னால், ஒரே தடவை தேவைப்படும் பக்கங்கள் கூட்டமாக வந்து இண்டெக்ஸை மெமரியிலிருந்து தள்ளிவிடும். மைஎஸ்கியூஎல்லின் பழைய மைஐசாம், தன் கீ பஃபரில் இண்டெக்ஸுக்கு மட்டுமே இடம் கொடுத்துத் தப்பித்தது. 2010-ல் வந்த 5.5 பதிப்பிலிருந்து முதன்மையான இன்னோடிபியில் இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. அதனால் புதிய பக்கத்தை அது வரிசையின் முன்னால் விடுவதில்லை. நடுவில் செருகி வைக்கிறது. யாராவது திரும்பக் கேட்டால்தான் முன்னே அனுப்புகிறது.