அயல் சபையில் ஒரு ஞாயிறு: பெங்களூர்க் கண்டோன்மெண்டும் தமிழ்ப் புராட்டஸ்டண்டு வழிபாடும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகக் கிராமமொன்றில் வாழ்ந்த புராட்டஸ்டண்டுக் கிறித்தவருக்கு, அறியாத சபையொன்றில் ஞாயிறு ஆராதனைக்குச் சென்று அமர்வது எளிதில் வாய்க்கக்கூடிய அனுபவமன்று. மிஷன் சங்கங்கள் நிலத்தையே தமக்குள் பங்கிட்டுக்கொண்டிருந்தன. திருநெல்வேலி சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற இரு ஆங்கிலிக்கச் சங்கங்களுக்கு; நாகர்கோவில் வட்டாரம் லண்டன் மிஷனுக்கு; மதுரை அமெரிக்கன் மிஷனுக்கு; மன்னார்குடிப் பக்கம் வெஸ்லியன் மெதடிஸ்டுகளுக்கு; தரங்கம்பாடியைச் சுற்றி லுத்தரன்களுக்கு. இந்த எல்லைகள் முற்றிலும் மீறப்படாதவை அல்ல என்றாலும், ஒருவர் எந்தச் சபையார் என்பதை அவருடைய இறையியலைவிட அவர் பிறந்த ஊரே தீர்மானித்தது.

இந்த ஏற்பாடு குலைந்த இடங்களுள் பெங்களூர்க் கண்டோன்மெண்ட் முதன்மையானது. 1809-இல் அது அமைந்தபோது மதராஸ் படையோடு தமிழ்ச் சிப்பாய்களும், அவர்களைத் தொடர்ந்து சமையற்காரர், வண்ணார், எழுத்தர், வணிகர் எனப் பலரும் வந்து குடியேறினர். அவர்களைப் பின்தொடர்ந்து மிஷன்களும் வந்தன. லண்டன் மிஷன் 1820-இலும் வெஸ்லியன் மிஷன் 1821-இலும் இங்கே பணி தொடங்கின. லண்டன் மிஷனின் தொடக்க காலத் தமிழ்ச் சபையை வளர்த்தவர் சாமுவேல் பிளேவல் என்னும் தமிழர். பின்னர் 1827-இல் அவர் பெல்லாரிக்குச் சென்றார். கமர்ஷியல் தெருவை அடுத்து ஆங்கிலிக்கத் தமிழர்களுக்கான தூய பவுல் ஆலயம் 1840-இல் எழுந்தது. ஊரில் நூறு மைலுக்கு அப்பால் இருந்த சபைப் பிரிவுகள் இங்கே நடந்துபோகும் தொலைவுக்குள் வந்துவிட்டன. 1898-ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப் பிறகு, நெரிசல் மிகுந்த பழைய குடியிருப்புகளுக்கு வடகிழக்கே ஃபிரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன் முதலிய புதிய பகுதிகள் உருவானபோது இந்தக் கலப்பு மேலும் கூடியது. ரிச்சர்ட்ஸ் டவுனின் கிளாரன்ஸ் பள்ளியை 1914-இல் தொடங்கிய ரெட்வுட் சகோதரர்கள், குருத்துவமே வேண்டாத சகோதர சபை மரபைச் சேர்ந்தவர்கள். அங்கிருந்து சிறிது தொலைவில், பல மிஷன்களின் மாணவர்கள் ஒன்றாகப் பயிலும் ஐக்கிய இறையியல் கல்லூரி 1910-இல் நிறுவப்பட்டது.

இத்தகைய சூழலில் புதிதாக வந்த ஒருவர் அயல் சபையொன்றில் நுழைந்தால், அவரை முதலில் காட்டிக்கொடுப்பது அவருடைய சொற்கள்தாம். திருநெல்வேலிக்காரருக்கு அது 'கோயில்'. அங்கே பிரசங்கம் செய்பவர் 'ஐயர்'. வேறு மரபில் வளர்ந்தவருக்கு அவர் 'போதகர்'. 'நற்கருணை' என்று ஒருவர் சொல்வதை இன்னொருவர் 'திருவிருந்து' என்பார். மூன்றாமவர் 'இராப்போஜனம்' என்பார். இவற்றைப் பொருள் மாறாத வெறும் வட்டார வழக்குகள் என்று ஒதுக்குவது பிழை. ஒவ்வொரு சொல்லும் ஒரு மொழிபெயர்ப்பு வரலாற்றைச் சுமந்திருக்கிறது. இறைவனைக் குறிக்கும் பெயரிலேயே இது தெளிவாகத் தெரியும். சீகன்பால்கு காலத்துத் தமிழில் 'சருவேசுரன்'. பப்ரிசியுஸ் மொழிபெயர்ப்பில் 'பராபரன்'. ஹென்றி பவர் தலைமையில் 1871-இல் நிறைவுற்ற ஐக்கியத் திருப்புதலில் 'தேவன்'. இருபதாம் நூற்றாண்டுத் திருத்தங்களில் 'கடவுள்'. 1871-க்குப் பின்னும் லுத்தரன் சபைகள் பப்ரிசியுஸைக் கைவிட விரும்பவில்லை. ஆகவே 'தேவன்' என்றே செபித்துப் பழகிய ஓர் ஆங்கிலிக்கர் லுத்தரன் ஆலயத்தில் அமர்ந்திருந்தால், வேதபாடம் வாசிக்கப்படும்போதே தாம் வேற்றாள் என்பதை உணர்ந்திருப்பார்.

இதற்கு மாறாகப் பாடல்கள் எல்லை தாண்டின. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) லுத்தரன் மரபில் வேரூன்றியவர். வேதாகமச் சொற்களைப் புதிய மிஷனரிகள் மாற்றுவதைக் கடுமையாக எதிர்த்தவர். ஆயினும் அவருடைய கீர்த்தனைகளை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் தொகுத்த நூல் பிற சபைகளுக்கும் கொண்டுசென்றது. வாசகத்தில் அந்நியப்பட்டவர் கீர்த்தனையில் சேர்ந்துகொள்ள முடிந்தது.

சொல்லைவிடக் கடினமான தடை திருவிருந்து மேசை. ஆங்கிலிக்கப் பொது வழிபாட்டு நூலின்படி, திடப்படுத்தல் பெற்றவரோ அதற்கு ஆயத்தமாய் விரும்பி நிற்பவரோ மட்டுமே அப்பத்தையும் இரசத்தையும் பெறலாம். ஆயர்கள் இல்லாத சபைகளில் வளர்ந்தவருக்குத் திடப்படுத்தல் ஏது? பாடலும் பிரசங்கமும் அவருக்குண்டு, பந்தி இல்லை. சகோதர சபையிலோ வாரந்தோறும் அப்பம் பிட்கப்படும். ஆனால் தம் சபையிலிருந்து பரிந்துரைக் கடிதம் கொண்டுவராத வருகையாளர் பின்னிருக்கையில் அமர்ந்து பார்த்திருக்க வேண்டியதுதான். பெபேயாளுக்காகப் பவுல் ரோமருக்கு எழுதிய பரிந்துரையை அவர்கள் இதற்கு முன்மாதிரியாகக் கொள்வர். உலகெங்கும் இது கொதிநிலைப் பிரச்சினையாகவே இருந்தது. 1913-இல் கிழக்காப்பிரிக்காவின் கிகுயுவில் பல சபையார் ஒரே பந்தியில் கலந்துகொண்டதற்காக, இரு ஆங்கிலிக்கப் பேராயர்கள்மீது சான்சிபார் பேராயர் வேதப்புரட்டுக் குற்றமே சாட்டினார்.

தமிழ்ச் சபைகளில் இந்தத் தடைக்குள் இன்னொரு தடை ஒளிந்திருந்தது. எங்கே உட்கார்வது, கிண்ணத்தில் யாருக்குப் பின் யார் அருந்துவது என்பவை சாதியின் கேள்விகள். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சாதி வழக்கங்களை உடனடியாகக் கைவிட ஆணையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் ஆராதனையை விட்டே விலகினர். பின்னாளில் அவர்களுள் ஒரு சாரார் லைப்சிக் லுத்தரன் மிஷனைச் சேர்ந்தனர். அதாவது, அறியாத சபையைத் தேடிச் செல்வது தமிழ்க் கிறித்தவ வரலாற்றில் எப்போதும் ஆன்மிகத் தேடல் மட்டுமாக இருந்ததில்லை. சில வேளைகளில் அது, அருகில் யார் அமர்வார் என்பதைத் தேர்ந்துகொள்ளும் வழியாகவும் இருந்தது. நகரத்தில் முகமறியாதவராக நுழைந்தவருக்கு ஒரு விடுதலை கிடைத்தது உண்மை. ஆயினும் ஆராதனை முடிந்து வாசலில் அன்போடு கேட்கப்படும் 'சொந்த ஊர் எது? அங்கே எந்தக் கோயில்?' என்ற வினாக்கள் அந்த விடுதலையைச் சில நொடிகளில் பறித்துவிடக் கூடியவை. கேட்பவர் அதை உணராமலும் கேட்கலாம்.

1919 மே மாதத்தில் வே. ச. அசரியா உள்ளிட்டோர் தரங்கம்பாடியில் கூடி வெளியிட்ட அறிக்கையிலிருந்து 28 ஆண்டுகள் நீண்ட பேச்சுவார்த்தை, 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியது. இரண்டு மாதங்களுக்கு முன்புதான் பெங்களூர்க் கண்டோன்மெண்டும் பிரிட்டிஷாரிடமிருந்து மைசூர் அரசுக்குத் திரும்பியிருந்தது. ஆங்கிலிக்க, மெதடிஸ்டு, லண்டன் மிஷன் வழிச் சபைகளுக்கு இடையே பந்தித் தடை நீங்கியது. லுத்தரன்களும் சகோதர சபையாரும் வெளியே நின்றனர்.

ஆனால் ஆவணங்களில் நேர்ந்த ஒற்றுமையைக் காட்டிலும் 1950-இன் புதிய திருவிருந்து ஆராதனை முறையில் இடம்பெற்ற ஒரு சிறு செயலே கவனத்துக்குரியது. திருவனந்தபுரத்தில் இறையியல் கற்பித்த லெஸ்லி பிரவுன் அந்த வழிபாட்டுக் குழுவை வழிநடத்தினார். கேரளச் சுரியானி மரபிலிருந்து சமாதான வாழ்த்து உள்ளே வந்தது. குருவானவர் தருவதை ஒருவர் பெற்று, அருகிலிருப்பவரின் வலக்கையைத் தம் இரு உள்ளங்கைகளுக்குள் பொதிந்து கடத்த வேண்டும். வரிசையின் ஓரத்தில் யாரும் அறியாத ஒருவர் அமர்ந்திருந்தாலும் அது அவரைத் தாண்டிப் போக முடியாது. தொடுதலே தீட்டாகக் கருதப்பட்ட ஒரு சமூகத்தில் இதை வெறும் சடங்குச் சீர்திருத்தம் என்று வாசிப்பது போதாது. அவருடைய ஊர்ப்பெயர் கேட்கப்படுவதற்கு முன்பே, ஆராதனையின் நடுவில், அவர் கை பற்றப்பட்டுவிடுகிறது.