கடலிற் சென்றோர்க்குக் கரையில் வைத்த கல்

நிலத்தில் இறந்தவனுக்குச் சுற்றத்தார் ஈமக்கடன் ஆற்றுவர். அவன் உடல் எரிந்த இடமோ புதைந்த இடமோ இன்னதென அறியக்கிடக்கும். கடலில் இறந்தவனுக்கு இவ்விரண்டும் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. ஆதலாற் கடலோடிகளுக்கு எடுக்கப்பெற்ற நினைவுக்கற்கள் ஏனைய கல்லறைகளினின்றும் ஓரளவு வேறுபட்டவை. அவற்றுட் பலவற்றின் கீழ் உடல் இல்லை. பெயர் மாத்திரமே உண்டு. அப்பெயர்களைத் தெரிந்து பொறித்தவர் யாவர், பொறிக்காது விடப்பட்டவர் யாவர் என்னும் வினாக்கள் வரலாற்று மாணவனுக்குப் பெரிதும் பயன்படுவன. இலங்கைக் கரையிலும் பிற நாடுகளிலும் உள்ள சில நினைவுச் சின்னங்களை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இவ்வாராய்ச்சியைக் கொழும்பு நகரிலேயே தொடங்கலாம். பாமன்கடை, வெள்ளவத்தைப் பகுதிகளில் வாழும் மாணவர் ஒரே நாளிற் சென்று பார்க்கத்தக்க இரு தேவாலயங்கள் உள. ஒன்று கொட்டாஞ்சேனைக்கு அணித்தாயுள்ள உல்பெண்டால் தேவாலயம். ஒல்லாந்தர் 1749ஆம் ஆண்டிற் கட்டத்தொடங்கி 1757ஆம் ஆண்டில் வழிபாட்டுக்குத் திறந்துவைத்த இக்கட்டடத்தின் தளத்திலே, கோட்டையிலிருந்த பழைய தேவாலயத்தினின்றும் 1813ஆம் ஆண்டிற் கொண்டுவரப்பட்ட கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. மற்றையது கோட்டையிலுள்ள பரிசுத்த பேதுரு தேவாலயம். ஒல்லாந்தத் தேசாதிபதியின் மாளிகையைச் சேர்ந்த மண்டபமாயிருந்த அது, ஆங்கிலேயர் காலத்தில் 1804ஆம் ஆண்டு முதற் படையினரின் வழிபாட்டிடமாகி, 1821ஆம் ஆண்டிற் கல்கத்தா அத்தியட்சர் மிடில்ரன் அவர்களாற் பிரதிட்டை செய்யப்பட்டது. துறைமுகத்தின் வாயிலில் நிற்கும் இத்தேவாலயத்தின் அயலிலேயே கடலோடிகளுக்குப் பணிபுரியும் கிறித்தவ சங்கத்தின் நிலையமும் அமைந்தது பொருத்தமே. இவ்விரு தேவாலயங்களிலும் கல்லில் இடம்பெற்றோர் பெரும்பாலும் தேசாதிபதிகள், அதிகாரிகள், படைத்தலைவர்கள், அவர்தம் மனைவி மக்கள் ஆகியோரே. அவர்களை இக்கரைக்கு ஏற்றிவந்த பாய்க்கப்பல்களின் மாலுமிகளை அங்கே தேடுதல் வீண்.

திருகோணமலையில் உள்ள பழைய ஆங்கிலேயச் சேமக்காலை இன்னொரு வகையிற் புகழ் பெற்றது. நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரின் அம்மையாரின் கடைசித் தம்பி சாள்ஸ் ஒஸ்ரின் அங்கே அடக்கஞ் செய்யப்பட்டுள்ளார். 1779ஆம் ஆண்டிற் பிறந்த இவர் இளமையிலேயே கடற்படையிற் சேர்ந்தார். போரிற் கிடைத்த தம் பங்குப் பணத்தைக்கொண்டு தமக்கையர் இருவர்க்கும் புட்பராகச் சிலுவைகள் வாங்கிக் கொடுத்தார். 1814ஆம் ஆண்டில் வெளிவந்த 'மான்ஸ்பீல்ட் பார்க்' என்னும் நாவலில், கடலோடியான தமையன் தங்கைக்குச் சிலுவை கொடுக்கும் செய்தி இதிலிருந்தே பிறந்ததென்பர். 1816ஆம் ஆண்டிற் புயலில் அகப்பட்டு அவருடைய கப்பல் சிமேர்ணாவுக்கு அருகே உடைந்தது. விசாரணையில் அவர்மீது குற்றமில்லையெனத் தீர்ப்பாயிற்று. பின்னர்க் கோண்வால் கரையிற் கடற்காவற் சேவையிற் சில ஆண்டுகள் கழித்தார். முதுமையிற் கிழக்கிந்தியக் கடற்படைத் தலைவராகி, இரண்டாம் பர்மியப் போரின்போது 1852 ஒற்றோபர் 7ஆந் திகதி ஐராவதி ஆற்றிலே வாந்திபேதியால் உயிர்நீத்தார். அவருக்குக் கல்லுண்டு, அதனைத் தேடி வருவாரும் உளர். அதே போரில் அதே நோயால் இறந்த கப்பலாட்கள் பலர்க்கு அப்பேறு கிட்டவில்லை.

சாள்ஸ் ஒஸ்ரின் காவல் புரிந்த கோண்வால் கரைக்கும் நம் பொருளுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. அக்காலத்தில் அலை ஒதுக்கிய பிணங்களைக் கிறித்தவருடையனவோ அல்லவோ என ஐயுற்று, சடங்கு எதுவுமின்றிக் கரைமேட்டிலேயே புதைத்துவிடுதல் அங்கு வழக்கமாயிருந்தது. 1807 திசெம்பரில் 'அன்சன்' என்னும் போர்க்கப்பல் அக்கரையில் உடைந்து பலர் மாண்டனர். அவர்களுடைய உடல்களும் அவ்வாறே புதைக்கப்பட்டன. இது மக்கள் மனத்தை உறுத்தியது. தோமஸ் கிறில்ஸ் என்னும் வழக்கறிஞரின் முயற்சியால் 1808ஆம் ஆண்டில் ஒரு சட்டம் நிறைவேறியது. கரையொதுங்கும் உடல் எவருடையதாயினும் அவ்வூர்த் தேவாலயத்தின் சேமக்காலையிலே முறைப்படி அடக்கஞ் செய்யப்படவேண்டும் என்பது அதன் சாரம். பெயர் தெரியாத கடலோடிகளின் கல்லறைகள் இங்கிலாந்துக் கரையூர்களிற் காணப்படுதற்கு இச்சட்டமே பெருங்காரணம். அதே கப்பலுடைவை நேரிற் கண்ட ஹென்றி திரெங்குறூஸ் என்பவர், கரைக்கும் கப்பலுக்கும் இடையே வாணத்தின் உதவியாற் கயிறெறியும் கருவியை ஆக்கினார். இறந்தோரை மதிக்கும் சட்டமும் இருப்போரைக் காக்கும் கருவியும் ஒரே துயரத்திற் பிறந்தமை எண்ணத்தக்கது.

மீட்போரை மதிக்கும் வழக்கம் அங்கு அதன் பின்னரே வேரூன்றியது. உயிர்காக்கும் படகுச் சங்கம் 1824ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 1838 செத்தெம்பர் 7ஆந் திகதி, 'போபார்சயர்' என்னும் நீராவிக்கப்பல் பாறையில் மோதியபோது, வெளிச்சவீட்டுக் காவலர் ஒருவரும் அவர் மகள் கிறேஸ் டார்லிங்கும் சிறு படகிற் சென்று எஞ்சியவர்களை மீட்டனர். அந்நங்கை 1842ஆம் ஆண்டில் 26ஆம் வயதிற் காலமானபோது, அவருடைய நினைவுச் சின்னம் கடலிற் செல்லும் கப்பல்களுக்குத் தெரியுமாறு பாம்பரோ என்னும் ஊரின் தேவாலய முற்றத்தில் அமைக்கப்பட்டது. 1886 திசெம்பர் 9ஆந் திகதி இரவில் 'மெக்சிக்கோ' என்னும் செருமன் கப்பலை மீட்கச் சென்ற மூன்று படகுகளுள் இரண்டு கவிழ்ந்தன. மீட்கச் சென்றோருள் 27 பேர் மாண்டனர். கைம்பெண்கள் 16 பேரும் தந்தையற்ற பிள்ளைகள் 50 பேரும் எஞ்சினர். கப்பலிலிருந்தோரை மூன்றாவது படகு காப்பாற்றியது. சென்ற் ஆன்ஸ், லிதம், சவுத்போட் ஆகிய ஊர்களில் உள்ள சின்னங்கள் இறந்த அம்மீனவர்களை ஒவ்வொருவராகப் பெயர்சொல்லி நினைவூட்டுகின்றன. ஏழை மீனவன் பெயர் பளிங்கில் ஏறியது கடலோர வரலாற்றில் ஒரு திருப்பம் எனலாம்.

இனி நம் கடலுக்கு மீள்வோம். 1942 ஏப்பிரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைத் தாக்கி மூழ்கடித்தன. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தனர். துணைசென்ற 'வம்பயர்' என்னும் அவுத்திரேலிய நாசகாரியும் உடன் மூழ்கியது. அவ்வழி வந்த 'வீற்றா' என்னும் வைத்தியசாலைக் கப்பல், நீரில் மிதந்துகொண்டிருந்த ஏறத்தாழ அறுநூறு பேரை ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுவந்தது. இறந்த மாலுமிகளின் பெயர்கள் போட்ஸ்மத், பிளிமத், சதம் ஆகிய இங்கிலாந்துத் துறைமுகங்களின் கடற்படை நினைவுத்தூண்களில் முறையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. 'வீற்றா'வோ பிரித்தானிய இந்தியாக் கப்பற் கம்பனிக்காகக் கட்டப்பெற்றது. அக்கம்பனியின் கப்பல்களிற் பாய்விரிப்போரும் நிலக்கரி அள்ளுவோரும் சமைப்போருமாய் உழைத்தவர் பெரும்பாலும் 'லஸ்கார்' எனப்பட்ட இந்தியக் கடலோடிகளே. மூழ்கியோரின் பெயரறிய வழியுண்டு. மீட்டோரின் பெயரை எந்தக் கல்லிலும் காண்பதரிது.

இக்குறை உலகப் போர்கள் இரண்டிலும் பரவலாகக் காணப்பட்டது. இலண்டனிலுள்ள கோபுரக்குன்றில் 1928ஆம் ஆண்டிற் றிறக்கப்பட்ட வணிகக் கடலோடிகள் நினைவுச் சின்னம் பல்லாயிரம் பெயர்களைத் தாங்குகின்றது. ஆயினும் லஸ்கார்களின் பெயர்களுக்கு அங்கே இடமளிக்கப்படவில்லை. முதற் போரில் மாண்ட இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியக் கடலோடிகள் பம்பாயிலும், இரண்டாம் போரில் மாண்டோர் பம்பாய், சிற்றகொங் நகரங்களிலும் நினைவுகூரப்படுகின்றனர். கல்கத்தாவில் ஊக்கிளி ஆற்றங்கரையில் 1924ஆம் ஆண்டிற் றிறக்கப்பட்ட தூண், வங்காளத்தையும் அசாமையும் சேர்ந்த 896 லஸ்கார்களுக்குரியது. எண்ணிக்கை சொல்லும் அக்கல் பெயர் சொல்லவில்லை. ஆசிய, ஆபிரிக்க வீரர் பலர்க்கு உரிய சிறப்புச் செய்யப்படவில்லை என்பதனைப் பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணைக்குழுவே 2021ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது.

கல்லெடுக்கும் வழக்கம் மேனாட்டார்க்கே உரியதெனக் கருதுதல் தவறு. ஆநிரை மீட்டுப் பட்ட வீரனுக்குக் கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வழிபடும் முறையைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகின்றது. அவ்வீரனும் பிறர் பொருட்டு உயிர்கொடுத்து மீட்டவனே. கடற்போரில் மாண்டோர்க்கு எடுத்த வீரக்கற்களைப் பம்பாய்க்கு வடக்கே எக்சர் என்னும் ஊரில் இன்றும் காணலாம். துடுப்புக்கள் வரிசையாய் நீண்ட மரக்கலங்கள் அவற்றிற் செதுக்கப்பட்டுள்ளன. அவை 13ஆம் நூற்றாண்டில் யாதவர்க்கும் சிலாகாரர்க்கும் நிகழ்ந்த போரைக் குறிப்பன என்று கொள்வாரும் உளர்.

கடலில் மீட்டவரை நினைவுகூர்தற்குத் தமிழர் கண்ட வழி இன்னொன்றுமுண்டு. கோவலனின் முன்னோன் ஒருவன் கலமுடைந்து கடலிற் றத்தளித்தபோது மணிமேகலா தெய்வம் அவனைக் காத்தது. அந்நன்றியை மறவாத கோவலன் தன் மகளுக்கு அத்தெய்வத்தின் பெயரையே இட்டான் எனச் சிலப்பதிகாரம் கூறும். உடலை எரித்துச் சாம்பலை நீரிற் கரைக்கும் சமயத்தார்க்குக் கல்லறை இல்லை. ஆயினும் பெயர் உண்டு. ஒரு மீட்பின் நினைவு மகளின் பெயராகி, அப்பெயர் ஒரு காப்பியத்தின் பெயராகி நிலைத்தமையினும் மேலான நினைவுச் சின்னம் யாதுளது?

ஆனாற் பெயர்கள் தாமே நிலைப்பதில்லை. அவற்றைச் சொல்வோர் வேண்டும். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான உரொபின்சன் விலைக்கு வாங்கினார். 1937ஆம் ஆண்டில் அது தண்டையல் தம்பிப்பிள்ளையின் தலைமையில் அவ்வூர் மாலுமிகளுடன் புறப்பட்டுச் சுயசுக் கால்வாயையும் அத்திலாந்திக்குச் சமுத்திரத்தையும் கடந்து, 1938 ஓகத்து மாதம் மசாசுசெற்ஸ் மாகாணத்துக் குளொசெஸ்ரர் துறையை அடைந்தது. அத்துறையில், 1925ஆம் ஆண்டு முதல், சுக்கான் சில்லைப் பற்றிநிற்கும் மீனவனின் வெண்கலச் சிலையொன்று கடலை நோக்கி நிற்கின்றது. கடலில் மறைந்த அவ்வூர் மீனவர் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்கள் ஆண்டுவாரியாக இன்று அதனைச் சூழப் பொறிக்கப்பட்டுள்ளன. வங்கக் கடலிலும் பாக்கு நீரிணையிலும் மாண்ட வல்வெட்டித்துறை மாலுமிகளுக்கு அத்தகைய நிரல் உண்டா என்று எண்ணும்போது, நம் கடமை தெளிவாகின்றது.

2004 திசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை மாய்த்தது. வடமராட்சி கிழக்கில் உடுத்துறை என்னும் ஊரில் அமைந்த நினைவாலயத்தில் ஆண்டுதோறும் சுற்றத்தார் கூடி விளக்கேற்றுகின்றனர். இந்துக்களும் கிறித்தவர்களும் தத்தம் முறைப்படி வழிபடும் அவ்விடத்திற் கல்லெடுத்தலும் ஈமக்கடனும் ஒன்றாகின்றன. அங்கே தேசாதிபதியுமில்லை, கடற்படைத் தலைவனுமில்லை. எல்லாரும் கரையில் வாழ்ந்த எளிய மக்கள்.

கல் தானே வரலாறன்று. வரலாற்றுக்கு அது ஒரு சான்று. கல்லில்லாதோர்க்குக் கோயிற் கணக்கேடுகளும், கப்பலுடையாரின் பழைய ஏடுகளும், முதியோர் சொல்லுஞ் செய்திகளும் சான்றாகும். இவை ஆண்டுக்காண்டு அருகி வருகின்றன. கடற்கரையூர்களிலிருந்து வந்து பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரிற் கடலுக்குச் சென்று மீளாதோர் பெயர்களையும், பிறரை மீட்டோர் பெயர்களையும் கேட்டறிந்து எழுதிவைப்பாராயின், எதிர்கால ஆசிரியனுக்கு அது பெருந்துணையாகும்.