திருகோணமலைக் கடற்கரை சொல்லும் சரித்திரம்



கடற்கரைக்கு உலாவச் செல்பவர் பலர். மணலிலே நடந்து, அலையிலே கால் நனைத்து, மாலைக் காற்று வாங்கி வீடு திரும்புவர். அது நல்லதே. ஆயினும், கண்ணுக்கு விருந்தளிப்பதோடு நில்லாமல், செவி சாய்ப்பவர்க்கு நீண்டதொரு கதையையும் சொல்லும் கரைகள் சில உண்டு. இலங்கைத் தீவின் கீழ்க்கரையில் அமைந்த திருகோணமலை அத்தகையது. கோணேசர் மலை, கோட்டை, துறைமுகம், மூதூர், கன்னியா, நிலாவெளி ஆகிய இடங்களை இன்று உங்களோடு சுற்றிவர விழைகிறேன். வழி நெடுக ஒரு வினாவை மட்டும் மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள்: இத்துணை அழகிய ஓரிடத்துக்கு இத்துணைப் போர்கள் ஏன் வந்தன?

விடை கடலின் ஆழத்திலே இருக்கிறது. இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி கங்கை, 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரக்குடாவில் கலக்கிறது. அக்குடாவின் அடியிலே, கரைக்கு மிக அண்மையிலிருந்தே, பெரும் பள்ளத்தாக்கு ஒன்று ஆழ்கடலை நோக்கி இறங்கிச் செல்கிறது. குடாவின் ஒரு பக்கத்தே, குன்றுகள் அரணாகச் சூழ, உட்டுறைமுகம் அமைந்திருக்கிறது. பெருங்கப்பல்களும் அங்கே அச்சமின்றித் தங்கலாம். பாய்மரக் கப்பல்களின் காலத்தில், வாடைக்காற்று வீசும் மாதங்களிலே, சோழமண்டலக் கரையிற் கப்பல்களுக்குத் தக்க புகலிடம் இல்லை. எனவே திருகோணமலையைக் கைக்கொண்டவன் வங்காள விரிகுடாவையே கைக்கொண்டவன் என்று ஐரோப்பிய அரசுகள் கருதின. இயற்கை தந்த கொடையே பகைக்கும் காரணமாயிற்று.

முதலிற் கோணேசர் மலைக்கு ஏறுவோம். கடலினின்று செங்குத்தாக எழுந்து நிற்கும் பாறை இது. ஒரு பக்கத்தே பாறை பிளந்து கிடப்பதை இராவணன் வெட்டு என்று மக்கள் வழங்குவர். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர் இத்தலத்தின் மீது பதிகம் பாடியுள்ளார். ஆகவே அக்காலத்துக்கு முன்னரே இக்கோயில் கடலுக்கப்பாலும் புகழ் பெற்றிருந்தது என்பது தெளிவு. 1620களில், கொன்ஸ்தாந்தீனு டி சா என்னும் போர்த்துக்கேயத் தளபதி அக்கோயிலை இடித்தான்; இடித்த கற்களைக் கொண்டே கோட்டை கட்டினான். இன்று அக்கோட்டையின் வாயிலில் நின்று கூர்ந்து நோக்கினால், கல்லிற் செதுக்கிய மீன்களைக் காணலாம். அவற்றைக் கடந்து உள்ளே நடந்தால், புள்ளிமான்கள் மர நிழலில் அஞ்சாமல் மேய்ந்து கொண்டிருக்கும்.

நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் மாணவர்களை அவ்வாயிலுக்கு அழைத்துச் சென்றதுண்டு. ஒருமுறை ஒரு மாணவன், "ஐயா, இந்தக் கற்களை மறுபடி பெயர்த்தெடுத்துக் கோயிலுக்கே கொடுத்துவிடலாகாதா?" என்று வினவினான். அவன் உள்ளத்தில் எழுந்த நியாய உணர்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், "தம்பி, கற்கள் இங்கே இருப்பதனாலன்றோ நீ இக்கேள்வியைக் கேட்கிறாய்? இவற்றைப் பெயர்த்துவிட்டால் நடந்ததற்குச் சாட்சி எது?" என்று கூறினேன். அநீதி நடந்த இடத்தை அழித்துவிட்டால் அநீதியும் அழிந்துவிடும் என்று எண்ணலாகாது. அதனைக் காத்து வைத்து, கற்று, அடுத்த தலைமுறைக்குச் சொல்வதே அறிவுடைமை.

கோட்டை கட்டியவர்களும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1639இல், கண்டி மன்னனோடு உறவு பூண்ட ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டின் கதை இன்னும் வியப்பானது. சனவரி மாதத்தில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் இத்துறைமுகத்தைப் பறித்தனர். ஆகஸ்து மாதத்திலே, சுப்ரென் என்னும் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் ஆங்கிலேயரிடமிருந்து அதனைப் பறித்தார். செத்தெம்பர் 3ஆம் நாள் இரு படைகளும் இக்கடலிற் பொருதன. ஒரே ஆண்டில் மூன்று கொடிகள்! போர் முடிந்தபின் துறைமுகம் மீண்டும் ஒல்லாந்தர் வசமாயிற்று. 1795இல் ஆங்கிலேயர் திரும்பவும் வந்து பிடித்தனர். 1803இல் தம் அரச குமாரன் ஒருவன் பெயரால் அதற்குப் பிரெட்றிக் கோட்டை என்று பெயரிட்டனர்.

கோணேசர் மலையின் விளிம்பிலே 1687ஆம் ஆண்டினைக் குறிக்கும் பழைய கற்றூண் ஒன்று நிற்கிறது. பிரான்சினா என்னும் ஒல்லாந்த நங்கை, காதலன் கைவிட்டுக் கப்பலேறிச் சென்றமையால் இப்பாறையிலிருந்து குதித்து உயிர் நீத்தாள் என்றும், அவள் நினைவாகவே இத்தூண் நாட்டப்பட்டது என்றும் ஒரு கதை வழங்குகிறது. கேட்போர் கண் கலங்குவர். ஆனால் ஒல்லாந்தர் எழுதி வைத்த ஆவணங்களோ, அப்பெண் அதன் பின்னரும் வாழ்ந்து மறுமணம் புரிந்து கொண்டாள் என்று காட்டுகின்றன. கதை இனிது, ஆவணம் உறுதியானது. சரித்திரம் பயில்வோர் இரண்டையும் கேட்க வேண்டும். எது எது என்று பிரித்தறியவும் வேண்டும்.

குடாவின் மறுகரையில் உள்ளது மூதூர். 1659இல், புயலிற் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று பழுது பார்ப்பதற்காகக் கொட்டியாரக்குடாவுக்கு வந்து சேர்ந்தது. அதில் வந்த றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞர், கப்பற்றலைவரான தம் தந்தையோடும் தோழர்களோடும் கண்டி அரசனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டார். ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டின் ஊர்களிலே காவலில் வாழ்ந்து, தொப்பி பின்னியும் சிறு வாணிகம் செய்தும் பிழைத்து, 1679இல் தப்பினார். 1681இல் அவர் வெளியிட்ட நூல், அந்நாளைய இலங்கை மக்களின் உழவு, உணவு, வழக்கங்கள் ஆகியவற்றை அறிய இன்றும் துணை செய்கிறது. துறைமுகத்தைப் பிடிக்க வந்தவர்கள் விட்டுச் சென்றவை கோட்டைகள். கைதியாகிச் சென்றவர் விட்டுச் சென்றதோ அறிவு.

இருபதாம் நூற்றாண்டிலும் இக்கரைக்கு ஓய்வில்லை. ஆங்கிலேயர் போர்க்கப்பல்களுக்காகச் சீனன்குடாப் பகுதியிலே ஏறத்தாழ நூறு எண்ணெய்த் தாங்கிகளை அமைத்தனர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் காலையில் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அன்றே, துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கியது. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1957இல் ஆங்கிலேயர் தம் கடற்படைத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்துச் சென்றனர். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் இத்துறைமுகத்துக்காகப் போரிட்ட அரசுகளில் ஒன்றேனும் இன்று இங்கில்லை.

போனவர் போக, மீண்டது எது? 1950இல், கோட்டைக்கு அண்மையிற் கிணறு தோண்டியபோது பழைய திருவுருவங்கள் சில மண்ணிலிருந்து வெளிப்பட்டன. கோயிலைக் காக்க இயலாத அந்நாளில், எவரோ அவற்றையேனும் காக்க எண்ணிப் புதைத்திருக்க வேண்டும். 1956இல், எழுத்தாளர் ஆதர் சி. கிளாக்கும் அவர்தம் தோழர் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கி, பழங்கோயிலின் தூண்களும் சிற்பக் கற்களும் நீரடியிற் கிடப்பதைக் கண்டனர். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது.

நகருக்கு வடமேற்கே சில கிலோமீற்றர் சென்றால் கன்னியா. அங்கே ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு வெப்பமுடைய நீரோடு இருக்கின்றன. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக இவற்றைத் தோற்றுவித்தான் என்பது ஐதிகம். இங்கே எரிமலை எதுவுமில்லை. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே மிக ஆழம் சென்று, பூமியின் உள்வெப்பத்தாற் சூடேறி மீளுகிறது என்பது விஞ்ஞானம்.

வடக்கே நிலாவெளியில், வைகாசி முதற் புரட்டாசி வரை கடல் குளம்போல் அமைந்திருக்கும். கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாமலைத் தீவு 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பாறைப் புறாக்கள் அங்கே கூடு கட்டுகின்றன. ஆழமற்ற நீரிலே முருகைக் கற்களும் வண்ண மீன்களும் ஆமைகளும் உண்டு. முருகை என்பது உயிருள்ள பொருள். பாறைபோல் திரளும் வகைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளர்கின்றன. ஒருவன் கவனமின்றிக் காலூன்றி உடைக்கும் துண்டு, அவன் பிறந்த நாள்தொட்டு வளர்ந்ததாக இருக்கலாம். கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் அது வெளிறி இறந்தும் போகிறது. மேலும் ஒரு செய்தி கேளுங்கள். போர்க்கப்பல்களை இங்கே வரவழைத்த அதே ஆழம், உலகின் மிகப் பெரிய விலங்காகிய நீலத் திமிங்கிலத்தையும் கரைக்கு அண்மையிலே கொண்டு வருகிறது. அது எதையும் கைப்பற்ற வருவதில்லை. இரை தேடி வந்து, தன் வழியே போகிறது.

1983 முதல் 2009 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரும், 2004 திசெம்பர் 26ஆம் நாள் எழுந்த கடற்கோளும் இக்கரை மக்களைப் பன்முறை இடம்பெயரச் செய்தன. என்னிடம் பயின்றவர்களிற் சிலர் தம் வீட்டு வாசற்படி இருந்த இடத்தையும் அடையாளம் காணமாட்டாமல் நின்றனர். ஆயினும் மீனவர் திரும்பி வந்தனர், வலை விரித்தனர், பள்ளி மணியும் மீண்டும் ஒலித்தது.

மாணவர்களே, நீங்கள் திருகோணமலைக்குச் செல்லும்போது கடலையும் மானையும் கண்டு மகிழுங்கள். கோட்டைக் கல்லிலே உங்கள் பெயரைக் கீறாதீர்கள். முருகைத் துண்டை நினைவுப் பொருளென்று எடுத்து வராதீர்கள். இக்கரையை உடைமையாக்கிக் கொள்ள வந்தோர் பலர். அதனைக் கற்றுக் காக்க வருவோரே இனித் தேவை.