சுமைதாங்கியும் தலைச்சுமை நடையும்: விழுதல் இடர் நோக்கில் ஒரு வரலாற்றாய்வு

முன்னுரை

தமிழகத்தின் பழைய வழித்தடங்களிலும் யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களிலும் காணப்படும் சுமைதாங்கி, அறச்செயலாகவும் நினைவுச்சின்னமாகவுமே பெரிதும் பேசப்படுகிறது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நடும் வழக்கம் இப்பார்வைக்கு வலுவூட்டியது. ஆயின், அக்கல்லைப் பயன்படுத்திய உழைப்பாளரின் உடல் இவ்விளக்கத்தில் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. சுமைதாங்கி, விழுதலைத் தடுக்கும் தொழிற்சாதனமாகவும் இயங்கியது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தலைச்சுமையும் உடற்சமநிலையும்

தலையில் சுமை ஏறும்போது உடலின் ஈர்ப்பு மையம் மேலே செல்கிறது. கால் இடறினால் நிலையை மீட்பது கடினமாகிறது. கழுத்தை நிமிர்த்தியே வைக்க வேண்டியிருப்பதால் சுமப்பவரால் தம் காலடியை எளிதில் நோக்க இயலாது. துணியாலோ வைக்கோலாலோ சுருட்டி வைக்கப்படும் சும்மாடு, சுமையின் அழுத்தத்தைப் பரப்பி அதன் அசைவைக் குறைக்கிறது.

பழகியவரின் நடைத்திறன் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. கென்யாவின் லூவோ பெண்கள் தம் உடல் எடையில் ஏறத்தாழ 20 விழுக்காடு வரை தலையில் சுமந்தபோதும் கூடுதல் ஆற்றலைச் செலவிடவில்லை என்பதை 1986இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. அவ்வாய்வு அளந்தது சீரான நடையின் ஆற்றலையே. ஏற்றுதல், இறக்குதல் ஆகிய இரு தருணங்களும் அதனின்று வேறானவை. அவற்றில் முதுகு வளைகிறது, கைகள் உயர்கின்றன, சுமை உடலின் நடுக்கோட்டை விட்டு விலகுகிறது. பிறர் கைகொடாதவிடத்துக் களைத்தவர் சுமையை இறக்கவும் இயலாமல், தளர்ந்த காலுடன் நடையைத் தொடர நேர்கிறது.

கல்லின் வடிவம் தரும் சான்று

செங்குத்தாக நிறுத்திய இரு கற்களின்மேல் கிடையாக ஒரு பலகைக்கல்லை வைப்பது சுமைதாங்கியின் பொது வடிவம். நின்ற நிலையிலேயே, குனியாமல், தனியொருவர் தலைச்சுமையை அதன்மேல் நகர்த்தி வைக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் அதன் உயரம் இடம்தருகிறது. அவ்வகையில் இடர்மிக்க இரு தருணங்களையும் அக்கல் எளிதாக்கியது. வழியோரத்தில் இளைப்பாறும் வாய்ப்பையும் தந்து களைப்பைக் குறைத்தது. கல்லை நட்டோர் அனைவரும் இந்நோக்கத்தோடே நட்டனர் எனக் கொள்ள வேண்டியதில்லை. நேர்ந்துகொண்ட காரணம் எதுவாயினும், அதன் உயரத்தை வகுத்தது சுமப்பவரின் உடலே. கேரளத்தின் 'அத்தாணி' என்னும் சுமைதாங்கியும் இதே பயனுடையது. அப்பெயர் ஊர்ப்பெயராகவும் நிலைத்துள்ளது.

சட்டமும் எடையளவும்

இருபதாம் நூற்றாண்டில் இச்சிக்கல் சட்டத்தின் எல்லைக்குள் வந்தது. காயம் விளைவிக்கக்கூடிய அளவு கனமான சுமையைத் தூக்கவோ சுமக்கவோ ஒருவரைப் பணிக்க இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம் (1948), பிரிவு 34 தடைவிதித்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் 127ஆம் உடன்படிக்கையை ஏற்றது. அதனுடன் வந்த 128ஆம் பரிந்துரை, வயதுவந்த ஆண் தொழிலாளிக்கான மேல்வரம்பாக 55 கிலோவைக் குறித்தது. வேலை நடைபெறும் சூழல் அனைத்தையும் கருத்திற்கொள்ள வேண்டும் என்பதும், இயன்றவரை தகுந்த தொழில்நுட்பச் சாதனங்களைப் பயன்படுத்த வேண்டும் என்பதும் உடன்படிக்கையின் கூறுகளே. எனினும், பொதுவில் நினைவுகூரப்படுவது 55 என்னும் எண் மட்டுமே. வரம்புக்குட்பட்ட மூட்டையும் ஈரத்தரையிலோ சரிவுப்பலகையிலோ சுமப்பவரை வீழ்த்தக்கூடும்.

முடிவுரை

சுமைதாங்கி எடையைக் குறைக்கவில்லை. எடையைக் கையாளும் சூழலை மாற்றியது. இறக்கும் உயரம், இளைப்பாறும் இடம், பிறர் துணையின்றி இயங்கும் வாய்ப்பு ஆகிய மூன்றையும் அது ஒருங்கே வழங்கியது. சந்தைகளிலும் கட்டடப் பணியிடங்களிலும் தலைச்சுமை இன்றும் தொடர்கிறது. அங்கெல்லாம் இம்மூன்றும் உள்ளனவா என்பது எடையளவுக்கு இணையாகக் கேட்கப்பட வேண்டிய வினா. சாலை விரிவாக்கத்தில் பெயர்க்கப்படும் சுமைதாங்கிகளைப் பதிவுசெய்வோர், கல்வெட்டோடு கல்லின் உயரத்தையும் அது நின்ற வழியின் ஏற்ற இறக்கத்தையும் குறித்துவைப்பின், உழைப்பு வரலாற்றுக்குரிய சான்றுகள் அழியாமல் காக்கப்படும்.