சோழவரம் முதல் புகைச் சோதனை வரை

நெய்வேலியை அடுத்த வடக்குத்தில் வாழ்வோருக்குப் புகைபோக்கி புதிய பொருளன்று. நெய்வேலி அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கியது முதல், பழுப்பு நிலக்கரியின் புகையோடு பழகிய வட்டாரம் அது. எரிபொருள் எதுவாயினும் ஆற்றல் ஒருபுறமும் புகை மறுபுறமுமாகவே வெளிவரும். சாலையில் ஓடும் காருக்கும் இதே நியதிதான். அதன் புகைபோக்கி பின்புறத்துச் சைலன்சர் குழாய். எஞ்சினை மாற்றியமைத்து வேகத்தைக் கூட்ட விரும்புபவரும், புகையை அளந்து சான்றிதழ் தருபவரும் அந்த ஒரு குழாயின் முன்னேதான் சந்திக்கின்றனர். வேகமும் தூய்மையும் ஒன்றுக்கொன்று பகையா? தமிழகத்துக் கார்ப் பந்தய வரலாறே இதற்கு விடை தருகிறது.

புகையை அளக்காத காலம்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. போருக்குப் பின் பயனற்றுக் கிடந்த அந்த ஓடுதளத்தில், 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கார்ப் பந்தயங்களை நடத்தியது. பந்தயத்துக்கென்றே செய்த கார்கள் நம் நாட்டில் அரிது. எனவே அம்பாசடர், ஃபியட், சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற குடும்பக் கார்களைப் பிரித்து மாற்றியமைத்தே பலரும் ஓட்டினர்.

அம்மாற்றங்கள் பெரும்பாலும் மூன்று வகையின. முதலாவது, சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பை இழைத்து, எரியும் அறையைச் சிறிதாக்குவது. இதனால் அமுக்க விகிதம் உயரும். இரண்டாவது, கார்புரேட்டரில் பெரிய ஜெட்டுகளைப் பொருத்திப் பெட்ரோலைக் கூட்டுவது. மூன்றாவது, வால்வுகள் நீண்ட நேரம் திறந்திருக்குமாறு கேம்ஷாஃப்டை மாற்றுவது. மூன்றுமே திறனைக் கூட்டின. அந்நாளில் சோழவரத்தில் நேரத்தை அளந்தார்கள். புகையை யாரும் அளக்கவில்லை.

அளந்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? ஒரு கிலோ பெட்ரோல் முற்றிலும் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஆனால் எஞ்சின் மிகுந்த திறன் தருவது 12.5 முதல் 13 கிலோ காற்று உள்ள செறிந்த கலவையில்தான். அந்நிலையில் ஆக்சிஜன் போதாமல், கார்பனின் ஒரு பகுதி நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடாக வெளியேறும். அமுக்கம் கூடி வெப்பம் மிகும்போது, காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் இணைந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் தோன்றும். பந்தயக் கேம்ஷாஃப்டிலோ, உள்வால்வும் வெளிவால்வும் சற்று நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். மெல்ல ஓடும்போது எரியாத பெட்ரோல் ஆவி அவ்வழியே தப்பிவிடும். மாற்றியமைத்த எஞ்சின் நின்ற இடத்தில் தடுமாறி உறுமுவதும் இதனால்தான்.

ஈயம் செய்த தீங்கு

அமுக்கத்தை மிகுதியாக உயர்த்தினால், பெட்ரோல் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சின் 'தட்டும்'. இதைத் தடுக்க, 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி டெட்ரா எத்தில் ஈயத்தைப் பெட்ரோலில் கலந்து காட்டினார். உலகெங்கும் அம்முறை பரவியது. நச்சு உலோகமான ஈயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கக் கூடியது.

இதற்கிடையே கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரைப் புகைமூட்டம் வாட்டியது. கார்கள் விடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிவதே காரணம் என்று 1950-களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் விளக்கினார். பின்னர்ச் சட்டங்கள் கடுமையாயின. 1975-ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்கக் கார்களில் வினையூக்கி மாற்றி இடம்பெற்றது. பிளாட்டினம் போன்ற உலோகங்கள் பூசிய இக்கருவி, நச்சு வாயுக்களைக் குழாயினுள்ளேயே தீங்கு குறைந்தவையாக மாற்றும். ஆனால் ஈயம் பட்டால் இக்கருவி செயலிழந்துவிடும். ஆகவே ஈயம் கலந்த பெட்ரோலும் விடைபெற வேண்டியதாயிற்று.

இந்தியாவில் அளவுகோல்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் வந்தன. எஞ்சின் மெல்ல ஓடும்போது பெட்ரோல் காரின் புகையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தை மீறலாகாது என்று அவை வரையறுத்தன. 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்கு வினையூக்கி மாற்றியும் ஈயமற்ற பெட்ரோலும் வந்தன. 2000-இல் ஈயப் பெட்ரோல் நாடு முழுவதும் மறைந்தது. புதிய பெட்ரோல் கார் கிலோமீட்டருக்கு வெளிவிடத்தக்க கார்பன் மோனாக்சைடு 1991-இல் 14.3 கிராமுக்குக் குறையாத வரம்பாக இருந்தது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை ஆறில் அது 1 கிராம்!

இவ்வளவு கட்டுப்பாட்டில் எஞ்சின் வலுவிழந்ததா? மாருதி 800 காரைப் பாருங்கள். கோவையைச் சேர்ந்த கரிவரதன் 1980-களின் இறுதியில் 'ஃபார்முலா மாருதி' பந்தயக் காரை உருவாக்கியது இதன் 796 கன சென்டிமீட்டர் எஞ்சினைக் கொண்டுதான். கார்புரேட்டருடன் அந்தச் சாலைக் கார் தந்த திறன் ஏறத்தாழ 37 குதிரைத்திறன். 2000-ஐ ஒட்டி, சிலிண்டருக்கு நான்கு வால்வுகளும் மின்னணு முறையில் பெட்ரோல் செலுத்தும் அமைப்பும் பெற்றபோது, அதே கொள்ளளவில் ஏறத்தாழ 45 குதிரைத்திறன் கிடைத்தது. புகையும் குறைந்தது. புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் உணரி, கலவை சரிதானா என்று நொடிக்கு நொடி கணிப்பொறிக்குச் சொல்கிறது. அது பெட்ரோலைத் திருத்துகிறது. பழைய மெக்கானிக் பெட்ரோலைக் கூட்டிப் பெற்ற வலுவைப் புதிய எஞ்சின் காற்றை நன்கு உள்ளிழுத்தும் அளந்து எரித்தும் பெறுகிறது.

சோதனையின் கண்ணுக்குத் தப்புவது

ஆயினும் ஓர் இடர் எஞ்சியுள்ளது. சாலையோரப் புகைச் சோதனை வண்டியை நிறுத்தி வைத்தே செய்யப்படுகிறது. முழு வேகத்தில் மட்டும் கலவையைச் செறிவாக்குமாறு கணிப்பொறிக் கட்டளையை மாற்றியவரின் கார், நின்ற நிலையில் தூய்மையாகவே தோன்றும். சோதனைக்காக மாற்றியைப் பூட்டிப் பின்பு கழற்றுவோரும் உண்டு. பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. சோதனைக்கூடத்தில் மட்டும் நல்லபடியாக நடக்கும் மென்பொருளை டீசல் கார்களில் வைத்ததாக 2015-இல் ஃபோக்ஸ்வாகன் ஒப்புக்கொண்டது.

கலிஃபோர்னியாவில், புகையைக் கூட்டாது என்று மெய்ப்பித்த மாற்று உறுப்புகளுக்கு அரசே ஆணை எண் வழங்குகிறது. அவற்றைத் தாராளமாகப் பொருத்தலாம். நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டி மாறலாகாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. மாற்றியமைக்கும் ஆர்வத்துக்கு உரிய இடம் பந்தயத் தளம். சோழவரத்துக்குப் பின் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையிலும், 2003-இல் கோவையை அடுத்த செட்டிப்பாளையத்திலும் அத்தகைய தளங்கள் அமைந்தன.

சோதனையில் தேறுவது வேறு, காற்றைக் கெடுக்காதிருப்பது வேறு. சான்றிதழ் தாளில் எழுதப்படுகிறது. புகையோ, வடக்குத்துச் சாலையோரம் பேருந்துக்காக நிற்கும் மாணவனின் நுரையீரலில் எழுதப்படுகிறது. வேகத்தை விரும்பும் இளைஞர்கள் இவ்விரண்டும் ஒன்றாகும்படி எஞ்சினை அமைக்கக் கற்பார்களானால், அதுவே உண்மையான பொறியியல் வெற்றியாகும்.